கோட்டுக்கு வலப்பக்கம் எழுதிய பெயர்

பெயர்களை வாசிக்கும்போது என் குரல் எனக்கே நன்றாகக் கேட்டது. அதில் ஒரு தடுமாற்றமும் இருக்கவில்லை.

கடலில் ஒரு வள்ளத்திலிருந்து இன்னொரு வள்ளத்துக்குக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை என்னுடையது. வன்னியில், தர்மபுரத்தில் நாங்கள் கோயிலாக வைத்திருந்த கிடுகுக் கொட்டிலில் ஒலிபெருக்கி கிடையாது. மின்சாரம் இருந்தால்தானே ஒலிபெருக்கி. ஆகவே ஞாயிறு காலைப் பூசை தொடங்குமுன், அன்றைய பூசை யார் யாருக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்று உரத்து வாசிக்கும் வேலை என் தலையில் விழுந்திருந்தது.

முதலில் உயிரோடிருப்பவர்களின் பெயர்கள், அவர்களுடைய சுகநலனுக்காக. அதை வாசித்து முடித்தேன். பிறகு "ஆத்தும இளைப்பாற்றிக்காக" என்று சொல்லி, இறந்தவர்களின் பெயர்களைத் தொடங்கினேன். சூசையப்பு. அன்னம்மா. செபமாலை. மரியதாஸ். திரேசம்மா.

திரேசம்மாவை வாசித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் கொட்டிலில் ஒரு சத்தமும் இல்லை என்று கவனித்தேன். மாரி தொடங்கியிருந்த காலம். மலேரியாவும் தடிமனுமாக ஆட்கள் இருமிக்கொண்டே இருப்பார்கள். அன்றைக்கு ஒருவர்கூட இருமவில்லை. எல்லாரும் பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கே என் அக்கா பிலோமினா முழந்தாளில் இருந்தாள். மரியதாஸ் அவளுடைய புருஷன், என் அத்தான். கடலில் காணாமல் போய் நாலு வருடம் ஆகியிருந்தது. தர்மபுரத்துக்கு வந்த நாளிலிருந்து மாதம் தவறாமல் அவருடைய பெயரை அந்தக் கொட்டிலில் வாசித்தவன் நான்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் அதை உயிரோடிருப்பவர்களின் பட்டியலில்தான் வாசித்தேன்.

அக்கா எழும்பினாள். நழுவிய முக்காட்டை இழுத்துவிட்டாள். வெளியே போகுமுன் என்னை ஒருதரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அறியாத ஓர் ஆளைப் பார்ப்பது போல அவள் என்னைப் பார்த்தாள். நிலம் மணல் என்பதால் அவள் போன சத்தம்கூடக் கேட்கவில்லை.

பங்குச் சுவாமி பீடத்தில் நின்றபடி என் பக்கம் குனிந்து, "அருள், பிழையா வாசிச்சிட்டீரோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஓம் சுவாமி. மாறி வாசிச்சிட்டன்."

சொல்லிவிட்டுக் கொப்பியைப் பார்த்தேன். நான் மாறி வாசிக்கவில்லை. என்னுடைய கையெழுத்தில், கோட்டுக்கு வலப்பக்கத்தில், இறந்தவர்களுக்குள் நாலாவதாக மரியதாஸ் என்று எழுதியிருந்தது.

கோடு போட்ட கொப்பி

போன கிழமை இந்தப் பத்தியில் மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களைப் பற்றி எழுதியிருந்தேன். வாசித்து விழுந்து விழுந்து சிரித்ததாக ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். அவர் இந்தக் கிழமை என்னை மன்னிக்க வேண்டும். அந்த மோட்டார் சைக்கிள் இதிலும் வருகிறது. ஆனால் சுவாமியைக் கொண்டுவந்து இறக்குவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது.

சுவாமிக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து இடங்களில் பூசை. புகையோடு வந்து இறங்குவார், புகையோடு போய்விடுவார். சனங்களோடு நின்று பேச அவருக்கு நேரம் கிடையாது. அதனால் பூசைக்குக் கொடுக்கும் பெயர்களைக் கிழமை முழுக்க நான் கேட்டு எழுதி வைப்பேன்.

முதலில் இரண்டு கொப்பி வைத்திருந்தேன். பிறகு கடைகளில் கொப்பி இல்லாமல் போனது. பொருளாதாரத் தடை என்றால் பலருக்குச் சவுக்காரமும் பற்றரியும் நினைவுக்கு வரும். எனக்குக் கடதாசிதான் நினைவுக்கு வருகிறது. மிஞ்சிய ஒரு தடித்த சி.ஆர். கொப்பியில் பக்கத்தின் நடுவே கோடு கிழித்தேன். இடப்பக்கம் சுகநலன், வலப்பக்கம் இளைப்பாற்றி.

பிழை வந்துவிடும் என்ற பயம் எனக்கு நிறைய இருந்தது. ஆகவே யார் வந்தாலும், "சுகத்துக்கோ, இளைப்பாற்றிக்கோ?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுவேன். சிலருக்கு அந்தக் கேள்வியே பிடிக்காது. "உமக்குக் கண் தெரியேல்லையோ? மனுசன் அந்தா சைக்கிளோட நிக்குது" என்று ஒரு பெண் என்னைக் கிழித்துப் போட்டாள். அவள் புருஷன் வாசலில் நின்று சிரித்தார்.

இன்னொரு அம்மாவின் மகன் வவுனியாவுக்குப் போன வழியில் காணாமல் போனவன். முதல்நாள் நான் கேட்டதும் அந்த அம்மா கொப்பியின் நடுக்கோட்டில் விரலை வைத்தார்.

"கோட்டிலையே எழுதும் தம்பி," என்றார்.

அப்படியே எழுதினேன். பெயரின் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். வாசிக்கும்போது இரண்டு பட்டியலுக்கும் நடுவில், எதற்காக என்று சொல்லாமல், தனியாக வாசிப்பேன். அந்த அம்மா ஒவ்வொரு மாதமும் வந்து, கொப்பியைத் தன் பக்கம் திருப்பி, பெயர் கோட்டின் மேல்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார்.

என் அக்காவுக்கு அந்தக் குழப்பம் இருக்கவில்லை. அவளுக்கு எப்போதும் இடப்பக்கம்தான். அத்தான் உயிரோடு இருக்கிறார் என்று அவளுக்குச் சொன்னவன் நான்.

கரையில் சொன்ன வசனம்

எங்களுக்கு முல்லைத்தீவுக் கரை. அத்தானும் நானும் ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போனோம். அவர் பெரிய பகிடிக்காரர். வலை இழுக்கும்போது மாதா பாட்டின் மெட்டில் என் பெயரை வைத்து ஏதாவது பாடி வெறுப்பேற்றுவார். அக்கா சமைத்துக் கட்டிக்கொடுக்கும் சோற்றுப் பொதியில் பெரிய மீன் துண்டு யாருக்கு என்று இருவரும் சண்டை பிடிப்போம். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. எனக்கு அக்காவும் அவரும்தான் வீடு.

ஒருநாள், விடியுமுன், தூரத்தில் ஒரு வெளிச்சம் எங்கள் பக்கம் திரும்பியது. நேவிப் படகின் வெளிச்சம்தானா என்று நின்று பார்க்கிற காலமா அது? அவசரமாகத் திருப்பியதில் வள்ளம் கவிழ்ந்தது. அதற்குப் பிறகு நடந்ததை இந்த இடத்தில் எழுதாமல் விடுகிறேன். அந்த நாட்களிலும் அதை நான் அப்படித்தான் சொல்லாமல் விட்டிருந்தேன்.

வெயில் ஏறிய பிறகு வேறொரு வள்ளத்து ஆட்கள் என்னைக் கண்டு ஏற்றி வந்தார்கள். அக்கா இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். வள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அவர் எங்கை?"

நான் வாயைத் திறந்தேன். வந்த வசனம் இதுதான்: "வெளிச்சம் வந்த பக்கம் நீந்திப் போனவர் அக்கா. அவங்கள் ஏத்திக்கொண்டு போயிருப்பாங்கள்."

அது யோசித்துச் சொன்ன பொய் இல்லை. அவளுடைய முகத்தைப் பார்த்ததும் தானாக வந்தது. அந்தக் காலத்தில் அது நம்பக்கூடிய கதையும்தான். பிடிபட்டு எங்கோ இருந்துவிட்டு, வருடம் கழிந்து மெலிந்து போய்த் திரும்பி வந்தவர்களை எங்கள் ஊரில் எல்லாரும் அறிந்திருந்தார்கள். கரையில் நின்ற சனங்கள் தலையை ஆட்டினார்கள். "உயிர் இருந்தாப் போதும் பிள்ளை" என்று அக்காவின் தோளைத் தடவினார்கள்.

மறுநாள் இன்னொருவர் கேட்டார். அதே வசனத்தைச் சொன்னேன். பத்தாம் தரம் சொல்லும்போது அத்தான் நீந்திப் போவது எனக்கே கண்ணில் தெரிந்தது. போகப் போக நான் பொய் சொல்கிறேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது. இதை நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்.

அக்கா மாதாமாதம் அத்தானின் சாரங்களையும் சேட்டுகளையும் எடுத்து, உதறி, வெயிலில் போட்டு மடித்து வைப்பாள். தாலியைக் கழற்றவில்லை. நிறச்சேலைதான் உடுத்தாள். யாராவது திரும்பி வந்தார்கள் என்று கேள்விப்பட்டால் எத்தனை மைல் என்று பார்க்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், அவர்களிடம் அத்தானைப் பற்றி விசாரித்துவிட்டு வருவாள்.

பிறகு சண்டையில் கரை கலைந்தது. நாங்கள் தர்மபுரத்துக்கு வந்து ஒரு துண்டுக் காணியில் கொட்டில் போட்டோம். கொஞ்சக் காலத்தில் கரைக்குத் திரும்பலாம் என்று ஆனதும் எங்கள் ஊர்ச்சனம் ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பியது. நான் மட்டும் அசையவில்லை. வள்ளம் இல்லை என்றேன். மலேரியா மாறட்டும் என்றேன். காணியில் போட்ட கச்சான் கடலையைப் பிடுங்கிவிட்டுப் போவோம் என்றேன். கச்சானைப் பிடுங்கியதும் அடுத்த போகத்துக்கு விதை தேடினேன்.

"அவர் வந்தா கரைக்குத்தானே வருவார். அங்கை நாங்கள் இல்லாட்டி எங்கை போய்த் தேடுவார்?" என்று அக்கா கேட்பாள்.

"ஊர்ச்சனம் இருக்குதுதானே அக்கா. சொல்லிவிடுவாங்கள்."

என்னில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பேன். ஆனால் இன்று யோசித்தால் எல்லாம் வரிசையாகத் தெரிகிறது. தர்மபுரத்தில் எல்லாரும் குளத்திலும் வாய்க்காலிலும் குளித்தார்கள். கடலில் பிறந்த நான் கிணற்றில் அள்ளிக் குளித்தேன். காய்ச்சலுக்கு மருந்தெடுக்கப் போன இடத்தில் நாடி பார்க்க ஒருவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். நான் உதறியதில் மேசையில் இருந்த போத்தல் விழுந்து உடைந்தது. "என்ன காணும், குமர்ப்பிள்ளை மாதிரிக் கையை இழுக்கிறீர்?" என்று அவர் பகிடி பண்ணினார். நானும் சேர்ந்து சிரித்தேன். மருந்து கிடைக்காத அந்த நாட்களில் ஒரு போத்தலை உடைத்தது சின்னக் குற்றம் இல்லை.

மனதில் ஒன்றைப் புதைத்துவிட்டால் புதைத்த இடம் மறந்துபோகிறது. ஆனால் மிதிவெடி கிடக்கும் காணியில் நடப்பது மாதிரி, கால் மட்டும் அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றிப் போகிறது. இதை நான் என்னைப் பார்த்து அறியவில்லை. பக்கத்துக் காணிக்காரரைப் பார்த்துத்தான் அறிந்தேன்.

முனியாண்டியின் தகரம்

பக்கத்துக் காணி முனியாண்டியுடையது. மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். ஒரு கலவரத்தில் எல்லாவற்றையும் இழந்து வன்னிக்கு வந்து, காடு வெட்டி, நெல்லும் கச்சானும் போட்டு நிமிர்ந்தவர். என்னிலும் பத்து வயது கூட. எனக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியாதது அவருக்குத் தினமும் பார்க்கக் கிடைத்த இலவசப் படம். "மீன்காரரே, அது துடுப்பு இல்லீங்க, மம்பட்டி" என்று வரம்பில் நின்று சொல்வார்.

அவர் கோபப்பட்டு நான் கண்டதில்லை. மாடு பயிரை மேய்ந்தால்கூட மாட்டிடம் மரியாதையாகப் பேசுகிற மனிதர்.

கச்சான் விதைத்த புதிதில் காகமும் மயிலும் வந்து கிளறும். ஒருநாள் காலை நான் பழைய தகரத் துண்டு ஒன்றை எடுத்துத் தடியால் அடித்துக் கலைத்துக்கொண்டிருந்தேன். முனியாண்டி தன் காணியிலிருந்து ஓடி வந்தார். தகரத்தைப் பறித்துத் தூர எறிந்தார். "அடிக்காதீங்க! அடிக்காதீங்கன்னா!" என்று கத்தினார். வேர்வை ஓடியது. பிறகு அப்படியே வரம்பில் குந்திவிட்டார்.

அன்றைக்கு அவர் சொன்னதை எழுதலாமா என்று பின்னாளில் கேட்டேன். எழுதுங்க என்றார். தோட்டத்தில் அவர்களுடைய லயன் வீடுகளைக் கொளுத்த வந்தவர்கள் தகரம் அடித்துக்கொண்டுதான் வந்தார்களாம். தங்கையைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள் ஓடியிருக்கிறார். அம்மா பின்னால் வருகிறார் என்று நினைத்திருக்கிறார். திரும்பிப் பார்த்தபோது அம்மா இல்லை. இருபது வருடத்தில் அதை அவர் தன் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

சில கிழமைகளுக்குப் பிறகு அவரிடம் கேட்டேன். "அண்ணை, சொன்னதில மனம் லேசாகினதோ?"

அவர் யோசித்தார். "லேசாவும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க. அம்மா இல்லாதது இல்லாததுதானே. ஆனா இப்பல்லாம் தகரச் சத்தம் கேட்டா, அது தகரம்னு தெரியுதுங்க."

பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, போகிற போக்கில், "ஒங்களுக்கு என்னாங்க?" என்றார்.

"எனக்கு என்ன?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

"எனக்கு ஒண்டுமில்லை" என்று அவருடைய முதுகைப் பார்த்துச் சொன்னேன். தேவைக்கு மேலே சத்தமாகச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

நெளுக்குளத்துச் செய்தி

அந்த மாரியில் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி வவுனியாவிலிருந்து திரும்பி வந்தாள். வன்னியிலிருந்து போகிறவர்களை அங்கே முகாம்களில் வைத்திருந்த காலம். நெளுக்குளத்து முகாமில் இருந்தபோது ஒரு கடை வாசலில் அத்தானைப் போல ஒருவரைக் கண்டதாகச் சொன்னாள். "கதைக்க முதல் போயிட்டார். ஆனா நடை அவற்ற நடைதான்."

அக்காவுக்கு அது போதும். பயண அனுமதிக்கு, பாஸ் எடுக்க அலைந்தாள். இரண்டு கிழமையில் எடுத்தும்விட்டாள். இரு பக்கக் காவலையும் தாண்டி, செல் குண்டு விழுகிற பாதையால், தனியாகப் போகப் போகிறாள். நானும் வருகிறேன் என்றேன். ஆம்பிளைகளுக்குப் பாஸ் கிடைக்காது, நீ காணியைப் பார் என்றாள். போன இடத்தில் அவளையும் பிடித்து வைத்துவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்குப் பயமாக இருந்தது. அந்த நடைக்கு உரியவர் வேறு யாரோ என்பது உலகத்திலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். வாயைத் திறந்தால் அவள் நிற்பாள். திறந்தால் அவளுக்கு நான் தம்பியாக இருக்க மாட்டேன் என்றும் தோன்றியது. இரண்டுக்கும் நடுவில் ஊமையாக நின்றேன்.

வியாழக்கிழமை பகல், அடுப்படியிலிருந்து சொன்னாள். "தம்பி, ஞாயிறுப் பூசைக்கு அவற்ற பேரைப் போடு. செவ்வாய்க்கிழமை வெளிக்கிடுறன்."

"ஓம் அக்கா."

எல்லாரிடமும் கேட்கும் கேள்வியை அவளிடம் கேட்கவில்லை. அவளிடம் கேட்கத் தேவை இருந்ததில்லை. கொப்பியை எடுத்து வைத்து எழுதினேன். நல்ல வெளிச்சம். பேனாவும் ஒழுங்காக எழுதியது. எழுதிவிட்டு மூடி வைத்தேன்.

மத்தியானம்

பூசை முடிந்து வீட்டுக்குப் போனபோது அக்கா நிலத்தில் இருந்தாள். முன்னால் பயணப் பை திறந்து கிடந்தது. தன்னுடைய சேலைகள் இரண்டு, அத்தானுடைய சாரம் ஒன்று, சேட்டு ஒன்று. கண்டுபிடித்தால் உடுக்க மாற்றுடை வேண்டுமே என்று எடுத்து வைத்திருந்தாள்.

"பிழையா எழுதிப்போட்டன் அக்கா."

"எத்தினை பேருக்கு எழுதியிருப்பாய்? ஒருதரம் பிழைச்சிருக்கோ?"

நான் திறந்து கிடந்த பையைப் பார்த்தேன்.

"உன்ர கைக்குத் தெரிஞ்சது உன்ர வாய்க்குத் தெரியாதோ?"

வெளியே முனியாண்டியின் மாடு கத்தியது. வாசலில் நின்றபடியே சொன்னேன், உள்ளே போக எனக்குத் துணிவில்லை.

"அவரை ஒருத்தரும் ஏத்தேல்லை அக்கா. அவர் நீந்திப் போகேல்லை. தண்ணிக்குள்ள தாண்டு போனவர். நான் பாத்தனான்."

"எப்பிடி?"

"என்ர கையைப் பிடிச்சிருந்தவர். நான் விட்டிட்டன்."

"வழுக்கினதோ?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அவளே எடுத்துக் கொடுத்த சொல். கரையில் வந்த வசனம் போல அதுவும் நாக்கின் நுனியில் நின்றது.

"இல்லை. நான்தான் விட்டனான்."

அக்காவின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. "கடைசியா என்ன சொன்னவர்?"

"'பிடியடா தம்பி' எண்டவர்."

அவள் பைக்குள் கையை விட்டு, சாரத்தை எடுத்து மடியில் வைத்தாள். சேட்டை எடுத்து அதன்மேல் வைத்தாள். ஏற்கெனவே மடித்திருந்ததை மறுபடியும் மடித்தாள்.

"வெளியில போ," என்றாள்.

முப்பத்தோராம் நாள்

அக்கா வவுனியாவுக்குப் போகவில்லை. செவ்வாய்க்கிழமை வெள்ளைச் சேலை உடுத்தாள். தாலியைக் கழற்றி அலுமாரி இல்லாத வீட்டில் அரிசிப் பானைக்குள் வைத்தாள்.

எங்களில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் பூசை கொடுப்பது வழக்கம். சுவாமி வந்தபோது, "எந்த நாளில இருந்து எண்ணுறது பிள்ளை?" என்று கேட்டார். நாலு வருடத்துக்கு முந்தின சாவுக்கு எப்படி நாள் பார்ப்பது என்று அவருக்கும் தெரியவில்லை.

"தம்பி சொன்ன நாளில இருந்து சுவாமி," என்றாள் அக்கா.

அந்த முப்பத்தொரு நாளும் அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சமைத்தாள். என் சோற்றைக் கோப்பையில் போட்டு மூடி வைத்தாள். விறகு முடிந்தால் முனியாண்டியின் மனைவியிடம் சொல்வாள். அந்த அம்மா வேலிக்கு வந்து, "ஒங்கக்கா வெறகு இல்லேன்னு சொல்லுதுங்க" என்பார். அக்காவும் நானும் பத்தடி தூரத்தில் இருப்போம்.

அத்தானை இழந்தது போதாதென்று அக்காவையும் இழந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். சொல்லாமலே இருந்திருக்கலாம் என்றும் பலதரம் நினைத்தேன். உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்று பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். எனக்கு இறங்கவில்லை. முன்பு தெரியாமல் சுமந்ததைப் பிறகு தெரிந்து சுமந்தேன், அவ்வளவுதான். ஆனால் பொய் சொல்லக் கூடாது, நித்திரை மட்டும் வந்தது.

பூசை நடந்தது. கொப்பியை நான் ஏற்கெனவே வேறொருவரிடம் கொடுத்துவிட்டேன். அவர் அத்தானின் பெயரைச் சரியான இடத்தில் வாசித்தார். அக்கா அப்போதுதான் முதல்தடவையாக வாய்விட்டு அழுதாள். பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். நான் ஆண்கள் பக்கத்தில் நின்றேன்.

விதைக்கச்சான்

அதற்குச் சில நாட்களுக்குப் பிறகு, முற்றத்தில் இருந்து விதைக்குக் கச்சான் உடைத்துக்கொண்டிருந்தேன். பருப்பு பிளக்காமல் உடைக்க வேண்டும், பிளந்தால் முளைக்காது. வெயில் இதமாக இருந்தது. அக்கா சுளகோடு வந்து எனக்கு முன்னால் குந்தினாள். ஒரு கை கச்சானை அள்ளிப் போட்டுக்கொண்டு தானும் உடைக்கத் தொடங்கினாள்.

வெகுநேரம் கோது உடைகிற சத்தம் மட்டும்தான்.

"முதல்ல இருந்து சொல்லு," என்றாள்.

"என்னத்தை அக்கா?"

"அண்டைக்கு நடந்ததை. வெளிச்சம் வந்ததில இருந்து. ஒண்டையும் விடாத."

சொன்னேன். தலை நிமிராமல், உடைத்துக்கொண்டே சொன்னேன். வள்ளம் கவிழ்ந்தபோது எஞ்சின் அடித்து அத்தானின் இடது தோள் கழன்றுவிட்டது. அவரால் ஒரு கைதான் முடியும். கவிழ்ந்த வள்ளத்தின் முதுகில் பிடிக்க ஒன்றும் இல்லை. அப்படியான நேரத்தில் ஆளுக்கு ஒரு பக்கம் நின்று, வள்ளத்துக்கு மேலால் கையை நீட்டி, ஒருவர் மணிக்கட்டை மற்றவர் பிடித்துக்கொண்டால் இருவரும் மிதக்கலாம். நாங்களும் அப்படிப் பிடித்துக்கொண்டோம். அந்தப் பக்கத்திலிருந்து, "அருள், சோத்துப் பொதியும் போயிட்டுது. பெரிய மீன் துண்டு இண்டைக்கு ஒருத்தனுக்கும் இல்லை" என்று அத்தான் சொன்னார்.

அக்காவின் கை நின்றது. வாயோரம் கொஞ்சம் கோணியது. அது சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. "பிறகு?" என்றாள்.

பிறகு குளிர். பிறகு அவர் பேசுவது குறைந்தது. வள்ளம் மெல்ல மெல்லத் தாழ்ந்தது. அவருடைய முழுப் பாரமும் என் கையில் தொங்கியது. ஒரு அலை தலைக்கு மேலால் போனது. இன்னொன்று வந்தது. பிடியடா தம்பி என்றார். விட்டேன்.

அக்கா கடலில் வளர்ந்தவள். அவள் கேட்ட கேள்வி கடற்காரியின் கேள்வி.

"வள்ளம் கவிழேக்கை விடிவெள்ளி கிளம்பிட்டுதோ?"

"ஓம். அப்பத்தான் கிளம்பினது."

"நீ விடேக்கை?"

நான் யோசிக்க வேண்டியிருந்தது. "வெயில் முகத்தில அடிச்சது. கண் கூசினது."

அவள் கையில் இருந்த கச்சானைச் சுளகில் போட்டாள். விரல்களை மடித்து எண்ணினாள்.

"ரெண்டு மூண்டு மணித்தியாலம்," என்றாள் பிறகு. "அவ்வளவு நேரமும் அவற்ற அந்த ஒரு கையையோ பிடிச்சுக்கொண்டு நிண்டனீ?"

"ஓம்."

"அண்டைக்கு நீ விட்டதை மட்டுந்தானே சொன்னனீ," என்றாள் அக்கா. அவளுடைய குரல் உடைந்தது. "பிடிச்சிருந்ததை ஏன்ரா சொல்லேல்லை?"

நான் அதை மறைக்கவில்லை. அந்த நாலு வருடத்தில் எனக்கே அது ஒருதரமும் நினைவுக்கு வந்திருக்கவில்லை.